பிரியாணி கொட்டிய வீடு

2021ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு முனீராவின் மேல் ஒரு பொய்ப் பழி விழுந்தது. அதைச் சுமத்தியவரின் வாயாலேயே அதைத் திரும்ப எடுக்கவைக்க அவளுக்கு நான்கு வருடம், ஏழு மாதம், பன்னிரண்டு நாள் ஆனது. இடையில் ஒரு நாள்கூட அவள் அதை மறந்ததில்லை. மறக்க விரும்பியதும் இல்லை.

தேக்காவுக்கு அருகில் இரண்டு அடுக்குமாடி புளோக்குகள் எதிரெதிரே நிற்கின்றன. ஒன்று சொந்த வீடுகள் உள்ள புளோக். மற்றது வாடகைப் புளோக். வாடகைப் புளோக்கின் நான்காவது மாடியில், ஓரறை வீட்டில், முனீரா தன் உம்மா நூருன்னிசாவுடனும் தங்கை இன்ஷாவுடனும் இருக்கிறாள். நூருன்னிசா தேக்கா சந்தையின் உணவுக் கடைப் பகுதியில் ஒரு பிரியாணிக் கடையில் பரிமாறும் வேலை செய்கிறாள். இந்த விவரம் பின்னால் நடந்ததற்கு ஒரு காரணம்.

எதிர் புளோக்கில் கதிரேசன் இருக்கிறார். தேக்கா சந்தையின் மேல்தளத்தில் தையல்கடை வைத்திருக்கிறார். இரண்டு புளோக்குகளுக்கும் சேர்த்து 2017இல் ஒரு மறுபயனீட்டுக் குழுவைத் தொடங்கியவர் அவர்தான். பொங்கலுக்கு முன்பு பழைய மின்விசிறியும் மெத்தையும் மாடிப்படியிலும் மறுபயனீட்டுக்கான நீலத் தொட்டியிலும் குவிந்து கிடந்த காலம் ஒன்று இருந்தது. இந்தத் தீவில் போகிக்கு எதையும் எரிக்க முடியாது. அதனால் போகியை ஒட்டி எல்லாவற்றையும் கீழ்த்தளத்துக்குக் கொண்டுவாருங்கள் என்றார். காகிதமும் இரும்பும் ஒரு பக்கம், கைப்பேசியும் கணினியும் மறுபக்கம். ஓடுகிற கணினிகளைத் துடைத்து, கணினி இல்லாத பிள்ளைகளுக்குக் கொடுத்தார். அந்த நல்ல காரியத்தை அவர் செய்தார் என்பதை முனீராவும் மறுத்ததில்லை.

2021 போகிச் சேகரிப்பில் இருபத்தொன்பது மடிக்கணினிகள் வந்தன. பன்னிரண்டு ஓடின. அவற்றில் ஒன்று பிப்ரவரி 28ஆம் தேதி முனீராவுக்குக் கிடைத்தது. அப்போது அவள் உயர்நிலை நான்காம் வகுப்பு. குறுந்தட்டு போடும் தட்டு வெளியே வரும் பழைய கனமான மாதிரி. பக்கவாட்டில் காற்று போக அகலமான துளைகள். முதல் நாளிலிருந்தே விசிறி கரகரவென்று சத்தம் போட்டது. மடியில் வைத்தால் சுட்டது. ஆனாலும் வீட்டில் முதல் கணினி. பதினோரு வாரம் அதில்தான் கணினிப் பாடத்தின் ஒப்படைப்பு வேலையைச் செய்தாள்.

மே மாதம் நோய் மீண்டும் பரவியதால் பள்ளிகள் வீட்டிலிருந்து பாடம் என்று அறிவித்தன. இரண்டாம் நாள், மே 20, காலை பத்து நாற்பதுக்குத் திரை கறுத்தது. அதற்குப் பிறகு அது எழவே இல்லை. பதினோரு வார வேலையும் அதோடு போயிற்று. மீதிப் பாடங்களை உம்மாவின் விரிசல் விழுந்த கைப்பேசியில் கேட்டாள். ஒப்படைப்பு வேலையைப் பள்ளிக் கணினி அறையில் உட்கார்ந்து ஒன்பது நாளில் திரும்பச் செய்தாள். ஒன்பது நாளில் செய்ததற்கு என்ன மதிப்பெண் கிடைக்குமோ அதுதான் கிடைத்தது.

ஜூன் 27 அன்று அந்தக் கணினியைத் தூக்கிக்கொண்டு தாயும் மகளும் கீழ்த்தளத்துக்குப் போனார்கள். பழுது பார்த்துத் தருவார்கள் என்ற நம்பிக்கை. தரையில் மஞ்சள் நாடா ஒட்டி, ஒரு மீட்டர் இடைவெளியில் பதினோரு பேர் நின்றிருந்தார்கள். எல்லோர் முகத்திலும் கவசம். கவசத்துக்குள்ளிருந்து பேசினால் கேட்காது என்று கதிரேசன் உரக்கப் பேசிக்கொண்டிருந்தார். இதுவும் ஒரு காரணம்.

“என்னம்மா, குடுத்து நாலு மாசம் ஆகல. அதுக்குள்ளயா?”

அவர் கணினியைக் கவிழ்த்துக் குலுக்கினார். உள்ளே ஏதோ கலகலத்தது. பக்கத்துத் துளையிலிருந்து மஞ்சளாக ஒன்று மேசையில் விழுந்தது. அதை ஒரு பார்வை பார்த்தார், விரலால் சுண்டி எறிந்தார்.

“பாருங்க, மஞ்சச் சோறு. பிரியாணி. லாப்டாப் மேல வச்சு பிரியாணி தின்னா இதுதான் கதி.”

“நான் எதையும் கொட்டல அங்கிள்.”

“அப்ப சோறு தானா நடந்து உள்ள போச்சா?”

வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

“அது நின்னுபோன அன்னைக்கு நான் நோன்பு அங்கிள். நான் எப்படிச் சாப்பிடுவேன்?”

“என்னைக்கு நின்னுச்சு?”

“மே இருபது.”

“பதிமூணாந் தேதியே பெருநாள் முடிஞ்சு போச்சு. யாருக்கும்மா காது குத்துற? பொய் சொல்றதுக்கு நோன்பையா இழுக்கிறது?”

பெருநாளுக்கு அடுத்து வரும் நாட்களில் ஆறு நோன்பு வைப்பது வழக்கம். கட்டாயம் இல்லை, விரும்பியவர்கள் வைப்பார்கள். அன்று முனீராவுக்கு நான்காவது. இதைச் சொல்ல வாயெடுத்தாள். ஆனால் கதிரேசன் அதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். கணினியை அவள் பக்கம் தள்ளினார்.

“இத நீங்களே வச்சுக்கங்க. நீலத் தொட்டியில மட்டும் போட்டுறாதீங்க லா.”

நூருன்னிசா மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு லிப்டுக்கு நடந்தாள்.

அன்று மாலை ஏழு மணி எட்டு நிமிடத்துக்குக் குழுவின் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. ‘தானமாகக் கிடைத்த கணினியின் மேல் பிரியாணி கொட்டிப் பாழாக்கியிருக்கிறார்கள். பெயர் சொல்ல விரும்பவில்லை. மற்றவர்கள் கவனமாக இருக்கவும்.’ குழுவில் அப்போது 214 பேர். பெயர் சொல்லாவிட்டால் என்ன, அன்றே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. தாய் வேலை செய்வதே பிரியாணிக் கடை, வேறு யாராக இருக்கும் என்றார்கள். அந்த வீட்டுக்குப் பிரியாணி வீடு என்று பெயராயிற்று. மறு ஆண்டு இன்ஷாவுக்காக நூருன்னிசா ஒரு கணினி கேட்டபோது, ஒருமுறை பாழாக்கிய வீட்டுக்கு மறுமுறை இல்லை என்று பதில் வந்தது.

முனீராவுக்குப் பிரியாணிகூடப் பெரிதாகப் படவில்லை. நோன்பைச் சொல்லிப் பொய் பேசுகிறவள் என்று பதினோரு பேர் முன்னால் ஆக்கினாரே, அதுதான் நெஞ்சில் முள்ளாக நின்றது. என்றைக்காவது அவர் இரண்டையும் தன் வாயால் திரும்ப எடுக்க வேண்டும், அதே பதினோரு பேரிடம். அந்த ஒன்றைத் தவிர அவள் வேறெதையும் கேட்கவில்லை.

செத்த கணினியை நூருன்னிசா எறியவில்லை. எறிந்தால் ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று நினைத்தாள். ஒரு பழைய கைலியில் சுற்றி அலமாரியின் மேல் வைத்தாள்.

தொழிற்கல்லூரியை முடித்த முனீராவுக்கு 2024 பிப்ரவரியில், தீவின் மேற்குக் கோடியில், மின்கழிவுகளைப் பிரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்தது. பழைய கணினிகளைத் திறந்து, மின்கலத்தைத் தனியாக, பலகையைத் தனியாக, செம்பைத் தனியாக எடுக்கும் வேலை. பக்கத்து மேசையில் அங்கமுத்து. தமிழ்நாட்டிலிருந்து வேலை அனுமதியில் வந்தவர், எப்போதும் ஏதாவது பேசிக்கொண்டே கைவேலை செய்கிறவர். நவம்பர் 14, வியாழக்கிழமை, அவர் ஒரு மடிக்கணினியின் அடிப்பலகையைக் கழற்றினார். காய்ந்த சந்தனமும் மஞ்சள் மணிகளும் மேசையில் கொட்டின.

“தங்கச்சி, இங்க பாரு. ஆயுத பூஜைய முடிச்சிட்டு நேரா நம்மகிட்ட வந்துட்டாரு. சந்தனம் இருக்கு, குங்குமம் இருக்கு. தேங்காய மட்டும்தான் காணோம்.”

முனீராவின் கை நின்றது. “இது சோறா அண்ணே?”

“சோறா? பச்சரிசி. மஞ்சத் தடவி மெஷின் மேல தூவுவாங்க. அட்சதை. எங்க ஊர்ல லாரி எஞ்சினுக்குள்ளயே கிடக்கும்.”

அன்று அவள் வீடு திரும்பியதும் நாற்காலி போட்டு ஏறி, கைலியைப் பிரித்தாள். பதின்மூன்று திருகுகள். விசிறியின் இறக்கைகளுக்கு நடுவே சந்தனம் சிமெண்டுபோல இறுகிக் கிடந்தது. காற்று போகும் வழி மூடியிருந்தது. சூடு ஏறி ஏறித்தான் அது செத்திருக்கிறது. தட்டுக்கு அடியில் ஐந்து மஞ்சள் மணிகள்.

நூருன்னிசா ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். “இது எங்க அரிசி இல்ல. நாங்க போடுறது பாசுமதி, இம்புட்டு நீளம் இருக்கும். இது குட்டையா இருக்கு.”

முனீரா இரண்டு மணிகளைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டாள். பதினைந்து நிமிடத்தில் அவை முறையாக வெந்து மலர்ந்தன. ஏற்கெனவே வெந்த சோறாக இருந்தால் அப்படி வேகாது. மிச்சம் மூன்றை மருந்துக் கடைப் பையில் போட்டு, தேதி எழுதி வைத்தாள்.

“போய்க் காட்டிட்டு வந்துரு. அதோட முடிஞ்சுது,” என்றாள் நூருன்னிசா.

“எப்படி முடியும் உம்மா? லிப்டு பக்கத்துல நின்னு ‘சாரிமா’ன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருவார். சொன்னது பதினோரு பேர் முன்னாடி.”

“அப்ப என்ன செய்யப் போற?”

“தெரியல. முதல்ல அவர் பக்கத்துல போகணும்.”

டிசம்பர் 7, சனிக்கிழமை, காலை எட்டு மணிக்கு அவள் கையுறை மாட்டிக்கொண்டு நீலத் தொட்டிகளின் பக்கத்தில் போய் நின்றாள். ஒவ்வொரு சனியும் குழுவினர் தொட்டியைக் கவிழ்த்து, உள்ளே என்ன விழுகிறது என்று பிரித்து எடைபோடுவார்கள். கதிரேசன் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

“எந்த புளோக்மா நீங்க?”

முகக்கவசத்துக்கு மேல் தெரிந்த இரண்டு கண்களைத்தான் அவர் அன்று பார்த்திருக்கிறார். அவருடைய நோட்டில் இருந்தது தாயின் பெயர். ஆனாலும் அவருக்குத் தன்னை ஞாபகம் இல்லை என்பது முனீராவுக்குப் புதிய எரிச்சலைத் தந்தது. தான் ஒரு நாளும் மறக்காத ஒன்றை அவர் அன்றே கைகழுவியிருக்கிறார்.

“எதிர் புளோக் அங்கிள். முனீரா.”

“நல்லது, நல்லது. யங் பீப்பிள் வர்றதே இல்ல லா.”

பதின்மூன்று மாதம் அவள் ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை. அவளுடைய வேலை சுத்தமாக இருந்தது, ஏனென்றால் கோபத்தோடு செய்தாள். தொடக்கத்தில் நூறு கிலோவுக்கு நாற்பத்தொரு கிலோ வீணாக இருந்தது: மிச்சச் சாப்பாடு, ஈரத் தாள், குழந்தைகளின் டயப்பர். எந்த மாடியிலிருந்து எது வருகிறது என்று கைப்பேசியிலேயே பதிய ஒரு படிவம் செய்தாள். வாடகைப் புளோக்கின் பதினான்கு பிள்ளைகள் அதில் சேர்ந்தார்கள். அவர்களில் ஒன்பது பேருக்கு மாதம் முடிவதற்குள் இணைய அளவு தீர்ந்துவிடும். அதனால் குழுவின் சாமான் அறையில் ஓர் இணைப்பு வாங்கி, சனிக்கிழமைகளில் திறந்து வைத்தாள். குப்பை பிரிக்க வந்தவர்களுக்கு மட்டும் அறை என்று கதிரேசன் ஒரு விதி போடப் பார்த்தார்.

“சும்மா குடுத்தா அருமை தெரியாதும்மா.”

“வாங்குறவங்க எல்லாம் கைகட்டி நிக்கணுமா அங்கிள்?”

அவர் அவளை ஒருமாதிரி பார்த்தார். ஆனால் அவள் இல்லாவிட்டால் படிவம் ஓடாது, விதியைக் கைவிட்டார். 2025 செப்டம்பரில் நாற்பத்தொன்று பதினேழாகக் குறைந்தது. எல்லோரிடமும் அவர் ‘என் கண்டுபிடிப்பு இந்தப் பொண்ணு’ என்று சொல்லிக்கொண்டார். முனீரா மறுக்கவில்லை. அவளுக்கு வேண்டியது அவருடைய பழைய நோட்டுகள். அந்தக் கணினியைக் கொடுத்தது யார் என்று அவற்றில்தான் இருக்கும்.

அக்டோபர் மாதம் அந்த நோட்டுகளை அவரே அவள் கையில் கொடுத்தார். ஓர் அறக்கட்டளை தரும் விருதுக்கு ஐந்து வருட விவரம் கணினியில் வேண்டுமாம். மூன்று நோட்டுகள், எல்லாம் அவருடைய கையெழுத்து. இரண்டாம் நோட்டு, பக்கம் 31, வரிசை எண் 17. கொடுத்தவர் என்ற இடத்தில் ‘நம்ம கடை, பழைய பில் லாப்டாப்’. வாங்கியவர் நூருன்னிசா. கீழே சிவப்பு மையில் ‘உணவு கொட்டிப் பழுது. இவ்வீட்டுக்கு மறுமுறை வழங்க வேண்டாம்.’

அவருடைய கடைக் கணினி. அவர் கடைப் பூஜையின் அரிசி. யாரோ ஒருவருடையதாக இருக்கும் என்றுதான் முனீரா இதுவரை நினைத்திருந்தாள். பேருந்தில் உட்கார்ந்திருந்தவள் வாய்விட்டுச் சிரித்தாள். முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அதே நோட்டில் ஒரு தாள் பின் குத்தியிருந்தது. நோய்க்காலத்தில் கூட்டத்துக்கு வந்தவர்களின் பெயரையும் வீட்டு எண்ணையும் எழுதி வைப்பார்கள், யாருக்காவது தொற்று வந்தால் தேடிப் பிடிக்க. குழுவின் செயலாளர் மோகனப்பிரியா எழுதியது. தேதி 27.6.2021. நூருன்னிசாவின் பெயர் போகப் பதினோரு பெயர்கள். எங்கே போய்த் தேடுவது என்று அவள் நான்கு வருடம் கவலைப்பட்ட பதினோரு பேரும் ஒரே தாளில் இருந்தார்கள்.

2026 ஜனவரி 11, ஞாயிற்றுக்கிழமை, அந்த ஆண்டின் போகிச் சேகரிப்பு. தஞ்சோங் பகாரிலுள்ள ஓர் அலுவலகம் நாற்பது மடிக்கணினிகளைக் கொடுக்க ஒப்புக்கொண்டிருந்தது. முந்தின நாள் மாலை நான்கு மணிக்கு முனீரா தையல்கடைக்குப் போனாள். கதிரேசன் ஒரு சட்டைத் துணியைப் பரப்பி, சாக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். அவள் துணியின் மேலேயே மருந்துப் பையை வைத்தாள்.

“இது என்னன்னு சொல்லுங்க அங்கிள்.”

அவர் மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். “அட்சதை. எங்க கிடந்துச்சு?”

“சோறு மாதிரி இல்லயா?”

“சோறா? பச்சரிசிம்மா. பாத்தாலே தெரியாதா?”

“உங்களுக்கு அன்னைக்குத் தெரியலையே.”

கணினியை வைத்தாள். அடிப்பலகையைத் தூக்கி விசிறியைக் காட்டினாள். பிறகு இரண்டாம் நோட்டை விரித்து, எண் 17இல் விரலை வைத்தாள். அவர் தன் கையெழுத்தை ஒருமுறை படித்தார். சிவப்பு மையையும் படித்தார். மெல்ல ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“நீ அந்தப் பொண்ணா?”

“ஆமா. பிரியாணிப் பொண்ணு.”

“ஒரு வருஷமாக் கூடவே இருந்தியே. ஒரு வார்த்த சொன்னியா?”

“நீங்க கேக்கவே இல்லயே அங்கிள்.”

“சரிம்மா. தப்புதான். என்னை மன்னிச்சிரு. அந்த நேரத்துல மாஸ்க்கு, க்யூன்னு ஆயிரம் டென்ஷன்.”

“இங்க நம்ம ரெண்டு பேர்தான் இருக்கோம். அன்னைக்குப் பதினோரு பேர்.”

அவள் சொன்னாள்: முதலில் சிவப்பு மையை அடித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அடுத்து, இரண்டு வாக்கியம் சொல்ல வேண்டும். ஒன்று, கணினியில் கிடந்தது என் கடைப் பூஜை அரிசி, இந்தப் பெண் எதையும் கொட்டவில்லை. இரண்டு, அன்று இவள் நோன்பு, நான்தான் இவளைப் பொய்க்காரி என்று சொன்னேன். இதை நாளைக்கு மைக்கில் சொல்லலாம். இல்லையென்றால் இந்தத் தாளில் உள்ள பதினோரு பேரிடமும் நேரில் போய்ச் சொல்லி, பன்னிரண்டாவதாக உம்மாவிடம் சொல்லலாம்.

அவர் நோட்டைத் திருப்பிச் சிவப்பு மையை இரண்டு கோடு போட்டு அடித்தார், தேதி போட்டார். நெடுநேரம் சாக்கட்டியை உருட்டிக்கொண்டிருந்தார்.

“நாளைக்கு ஆபீஸ்காரங்க வர்றாங்க. வீடு வீடாவே போறேன்மா.”

அவர் அதைத்தான் கேட்பார் என்று முனீராவுக்குத் தெரியும். அவளும் அதைத்தான் விரும்பினாள். மைக்கில் சொன்னால் அரை நிமிடம். கூட்டம் கை தட்டும், பெரிய மனசு என்று சொல்லும். வீட்டு வாசலில் யாரும் கை தட்ட மாட்டார்கள். தவிர, நாற்பது கணினிக்காகக் காத்திருக்கும் முப்பத்தேழு பிள்ளைகளின் பட்டியலை எழுதியவளே அவள்தான். தன் பகையில் அவர்களுடைய சாமான் கைநழுவ அவள் விடமாட்டாள். சேகரிப்பு நல்லபடியாக முடிந்தது. அவள் ஒவ்வொரு முறை மைக்கின் பக்கம் போனபோதும் கதிரேசனின் முகம் வெளுத்தது. வேண்டுமென்றே ஆறு முறை போனாள்.

ஜனவரி 17இல் தொடங்கினார்கள். முதல் பெயர் உம்மு சல்மா, வாடகைப் புளோக், ஏழாவது மாடி. இரும்புக் கதவுக்குப் பின்னால் நின்று அவர் சொன்னதைக் கேட்டாள்.

“எந்த பிரியாணி?”

அவளுக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. ஆகவே கதிரேசன் ஆதியிலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று: வரிசை, குலுக்கியது, சுண்டி எறிந்தது, தான் என்ன சொன்னார், எப்படிச் சொன்னார். தன் மேல் தானே புகார் கொடுப்பதுபோல. முதல் வாக்கியத்தைச் சொல்லி முடித்து, போகத் திரும்பினார்.

“ரெண்டாவது, அங்கிள்.”

அவர் மறுபடி கதவின் பக்கம் திரும்பினார். “அன்னைக்கு இவ நோன்பு. நான் பொய்யின்னு சொல்லிட்டேன்.”

“ஆறு நோன்பா?” உம்மு சல்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “இத்தன வருஷம் எங்களுக்கு எதிர்ல இருக்கீங்க. அதுகூடத் தெரியாதா?” கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறந்தவர்களிடம் புதிதாகக் கிளறுகிறோமே என்று முனீராவுக்கு ஒரு கணம் தோன்றியது. மூன்றாவது வாசலில் அந்தத் தயக்கம் போய்விட்டது. தாளில் இருந்த பஞ்சவர்ணம் 2023இல் காலமாகிவிட்டார். கதவைத் திறந்த மருமகள், “மாமி போய் ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு, இப்ப எதுக்கு இது?” என்றாள்.

“உங்களுக்கு இவளைத் தெரியுமா?” என்று கேட்டார் கதிரேசன்.

“தெரியுமே. பிரியாணி வீட்டுப் பொண்ணு. மாமிதான் காட்டினாங்க.”

செத்தவர் விட்டுப்போன பேச்சு இன்னும் உயிரோடு இருந்தது. கதிரேசன் இம்முறை இரண்டு வாக்கியத்தையும் யாரும் கேட்காமலே சொன்னார்.

யாக்கூப் தஞ்சோங் பகாரில் ஓர் அலுவலகக் கட்டடத்தில் காவலர். அவருக்கு ஓய்வு நாள் எதுவும் அமையாததால் வேலையிடத்துக்கே போனார்கள். உள்ளே விட, எதற்காக வந்தோம் என்று வாசலில் உள்ள திரையில் தட்ட வேண்டும். கதிரேசன் விரலை நீட்டிக்கொண்டு திகைத்து நின்றார்.

“என்னன்னு போடுறது?”

“உள்ளதப் போடுங்க அங்கிள்,” என்றாள் முனீரா.

யாக்கூப் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். “அன்னைக்குச் சிரிச்சது நான்தான்மா.”

“தெரியும்.”

“மன்னிச்சிரு.”

அவள் தாளில் அவர் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டாள்.

பதினோராவது பெயர் ரத்னவேல். கதிரேசனின் நண்பர், முப்பது வருடம் ஒன்றாகத் தேநீர் குடித்தவர்கள். பாசிர் ரிஸ்ஸுக்கு மகனோடு குடிபோய்விட்டார். மற்ற பத்து வாசலும் சேர்ந்து கொடுக்காத கஷ்டத்தை அது கொடுத்தது. ரத்னவேல் இருவரையும் உட்கார வைத்து, குடிக்க மைலோ கொண்டுவந்தார். கதையைப் பாதி கேட்டதும் கையை வீசினார்.

“அட விடு கதிரேசா. சின்னப் பொண்ணு சொல்லுதுன்னு இம்புட்டுத் தூரமா வந்த? அன்னைக்குப் பார்த்தா யாருக்கும் பிரியாணின்னுதான் தோணும்.”

கதிரேசன் அந்தக் கிளையைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தார். முனீரா மைலோவைத் தொடவில்லை. அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தலையைக் குனிந்தார்.

“யாருக்கும் தோணாது ரத்னா. எனக்குத் தோணுச்சு. பூஜை பண்ற நான், அட்சதையக் கையில எடுத்துப் பார்க்காம சோறுன்னு சொன்னேன். ஏன்னா வந்து நின்னது இவங்க. வேற ஆளா இருந்தா பார்த்திருப்பேன்.”

இது இரண்டு வாக்கியத்திலும் இல்லாதது. திரும்பும் ரயிலில் மூன்று நிலையங்கள் கடந்தபின் கதிரேசன் கேட்டார்.

“உனக்கு இரக்கமே கிடையாதா?”

“ஒம்பது நாள் ஸ்கூல் கம்ப்யூட்டர் ரூம்ல தனியா உக்காந்திருந்தேன் அங்கிள். அப்ப என்கிட்ட யாரும் அந்த வார்த்தையச் சொல்லல.”

அவருடைய முழங்கால் வீங்கியிருந்தது. இறங்கும்போது அவள் வேகத்தைக் குறைத்து நடந்தாள். உம்மாவிடம் போவதை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று மட்டும் சொல்லவில்லை.

அன்று பிப்ரவரி 8, ஞாயிற்றுக்கிழமை. பிரியாணிக் கடையின் முன்னால் பகல் வரிசை நீண்டிருந்தது. நூருன்னிசா அண்டாவுக்குப் பின்னால் நின்று தட்டுகளை நிரப்பிக்கொண்டிருந்தாள். கதிரேசன் வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் முன்னால் போனார். முனீரா தூணருகே நின்றாள். மணி பன்னிரண்டு இருபது.

அவர் சொன்னார். நூருன்னிசா கரண்டியைக் கீழே வைக்காமல் கேட்டாள்.

“முதல்ல சொன்னது கேட்டுச்சு. நோன்பு பத்தி என்னமோ சொன்னீங்க, சத்தத்துல விழல.”

அவர் மறுபடி சொன்னார். இந்தமுறை வரிசையில் நின்றவர்கள் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கினார்கள்.

“உங்க பொண்ணு பொய் சொல்லல. நான்தான் சொன்னேன்.”

நூருன்னிசா அவருடைய முகத்தை நிதானமாக ஒருமுறை பார்த்தாள். பிறகு அடுத்த தட்டை எடுத்தாள்.

“உங்களுக்குச் சாப்பாடு வேணுமா? வேணாம்னா தள்ளி நில்லுங்க. பின்னால ஆள் நிக்குது.”